கொடிமுற்றத்து வழக்கு

எங்கள் தெருவில் கோபக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. காலையில் சண்டை போட்டுச் சட்டையைக் கிழித்துக்கொள்வார்கள், சாயங்காலம் அதே சட்டையைத் தைக்க என்னிடம் கொண்டுவருவார்கள். அதெல்லாம் ஒரு கோபமா? கோபம் என்றால் கஞ்சியக்காவின் கோபம். எட்டு வருடம் ஒரே சூட்டில் வைத்திருந்தாள். இஸ்திரிப் பெட்டியைக்கூட அப்படி வைத்திருக்க முடியாது, துணி கருகிவிடும்.

அவளுடைய சலவைக்கடை என் தையல்கடைக்கு நேர் எதிரே. என் மிஷின் தெருவைப் பார்த்துப் போட்டிருப்பதால் அந்த வீட்டில் நடப்பதில் பாதி என் கண்ணில் பட்டுவிடும். மீதியை அவளுடைய மகள், பொத்தான் அறுந்த சட்டைகளைக் கொடுக்க வரும்போது ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவாள். நான் யாரிடமும் கேட்டதில்லை. சொன்னால் காதைப் பொத்திக்கொள்வதும் இல்லை.

கஞ்சி போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, இரண்டு விரலால் தொட்டுப் பார்ப்பாள். ‘இது காலருக்கு, இது மேசை விரிப்புக்கு’ என்று பாத்திரம் பாத்திரமாகப் பிரித்து வைப்பாள். கோர்ட்டு வக்கீல்கள் கழுத்தில் கட்டுகிற வெள்ளைப் பட்டி எல்லாம் அவள் கைக்குத்தான் வரும். அவளிடம் போய்வந்த பட்டியை மேசையில் வைத்துத் தட்டினால் சத்தம் கேட்கும். அவள் பேச்சும் அப்படித்தான் இருக்கும். பெயர் பொருத்தமாக அமைந்துவிட்டது.

அவளுடைய புருஷன் நேர்மாறு. சாதுவான மனிதர். துணியை அலசிப் பிழிவது, கொடியில் போடுவது, மடிப்பது எல்லாம் அவர் வேலை. ஈரமான விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்து ஒரு உதறு உதறினால், சுருக்கம் பாதி அங்கேயே போய்விடும். வாயைத் திறந்து பேசுவது மட்டும் அபூர்வம்.

வழக்கு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். முன்வீடு ஒன்று, பின்வீடு ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒரு முற்றம். காலையில் விழுகிற வெயில் சாயங்காலம்வரை நகராது. முற்றம் முழுக்கக் கொடி கட்டியிருந்ததால் கொடிமுற்றம் என்று பெயர். முன்வீடு மூத்த மகனுக்கு. அவர் அடுத்த தெருவில் லாட்ஜ் வைத்திருப்பதால் நாங்கள் லாட்ஜ்காரர் என்போம். எங்கள் தெருவைப் பார்த்த பின்வீடு சின்ன மகனுக்கு, அதாவது கஞ்சியக்கா புருஷனுக்கு. முற்றத்தை அவர்களுடைய அப்பா, அந்தக் கிழவர், யாருக்கும் கொடுக்காமலே வைத்திருந்தார். கடைசி மாதங்களில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, அழுக்குத் துணியை மாற்றியது எல்லாம் கஞ்சியக்கா. ஒருநாள் அவரே பத்திர எழுத்தரை வரவழைத்து, முற்றம் சலவை செய்கிற பிள்ளைக்கே என்று பத்திரம் எழுதச் சொன்னார். கை வீங்கிப்போயிருந்ததால் பேனா பிடிக்க முடியவில்லை. கட்டைவிரல் ரேகை வைத்தார். விரலிலிருந்த மையைத் துடைத்துவிட்டவள் கஞ்சியக்கா. மறுநாள் விடியும்போது கிழவர் இல்லை.

பதினாறாம் நாளோ இருபதாம் நாளோ, கோர்ட்டிலிருந்து காகிதம் வந்தது. பத்திரம் செல்லாது என்று லாட்ஜ்காரர் வழக்குப் போட்டிருந்தார். ஏன் செல்லாது? ‘தகப்பனார் இறந்த பிறகு, இளைய மருமகள் பிணத்தின் கையைப் பிடித்து ரேகை வைத்தாள்’ என்று எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டிருந்தார். தீர்ப்பு வரும்வரை இரண்டு பக்கமும் முற்றத்தில் கால் வைக்கக் கூடாது என்று கோர்ட்டு தடை உத்தரவு போட்டு, ஆள் அனுப்பிப் பூட்டிவிட்டது.

அன்றைக்கு ஆரம்பித்தது வினை. துணியை எங்கே காயப்போடுவது? வீட்டுக்குள்ளேயே சுவருக்குச் சுவர் கயிறு கட்டினார்கள். சமையல்கட்டில் விரிப்பு, படுக்கை மேல் துண்டு, வாசல்படியில் சட்டை. காற்றாடியைப் போட்டு, அடுப்பை எரியவிட்டு, ஈரத்தை விரட்டப் பார்ப்பார்கள். சுவரெல்லாம் பூஞ்சை பிடித்துக் கறுத்துப்போனது. “எங்க வீட்டுல நிமிர்ந்து நடந்தா கன்னத்துல அறை விழும் மாமா, ஈரத் துணி அறை” என்று மகள் சிரித்துக்கொண்டே சொல்வாள். புருஷனுக்கு இருமல் பிடித்தது. முதலில் மழைக்காலத்தில் மட்டும் இருந்தது, பிறகு வருடம் முழுக்க.

ஈரத்தைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அந்த ஒரு வரியைத்தான் பொறுக்க முடியவில்லை. தெரு வாய் சும்மா இருக்குமா? ‘செத்தவர் கையைப் பிடிச்சவ’ என்று முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தார்கள். ஒருத்தன், அவள் சலவைச் சீட்டை நீட்டியபோது, “கையெழுத்துப் போடவா, ரேகை வைக்கவா அக்கா?” என்று இளித்தான். அவள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியதை நான் இங்கிருந்தே பார்த்தேன். புருஷன் குறுக்கே விழுந்து பிடிக்காவிட்டால் அவன் மூஞ்சியில் மடிப்பு விழுந்திருக்கும்.

“டெய்லர், எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். அந்த ஆளு கூண்டுல ஏறணும். ஏறி, ‘நான் எழுதினது பொய்’னு நாலு பேர் கேக்கச் சொல்லணும். அந்த நிமிஷம் அவர் மூஞ்சி எப்படி இருக்குன்னு நான் பாக்கணும். அதுக்கப்புறம் முற்றம் இருந்தா என்ன, போனா என்ன” என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

கூண்டு எங்கே வந்தது? வாய்தா மேல் வாய்தா. ஒருநாள் நீதிபதி விடுமுறை, ஒருநாள் வக்கீலுக்கு வயிற்றுவலி. அவளும் சும்மா இருக்கவில்லை. லாட்ஜ் விரிப்புகளைத் துவைக்க மாட்டேன் என்று திருப்பியனுப்பினாள். கடையின் பாதி வேலை அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது, போகட்டும் என்றாள். லாட்ஜ்காரர் மகள் கல்யாணத்துக்கு இந்த வீட்டிலிருந்து ஒரு ஈ எறும்புகூடப் போகவில்லை. அவர் தெருவில் வந்தால் இவள் எதிர்ச்சாரிக்கு மாறி, என் கடை வாசலில் நின்று அவருக்கு முதுகைக் காட்டுவாள். அவர் கடந்துபோன பிறகு, “பாத்தாரா?” என்று கேட்பாள். “பாத்தார் அக்கா” என்பேன். உண்மையைச் சொன்னால், அவர் என்னைப் பார்த்து “டேய் ஊசி, நல்லாயிருக்கியா?” என்று கேட்டுக்கொண்டு போய்விடுவார். அவர் வாயில் அந்த ‘ஊசி’யைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐந்து வருடம் இப்படிப் போனது. பிறகு வாய்தாவே வராமல் நின்றுவிட்டது. ஒன்றரை வருடம் கழித்து, பட்டிகளை வாங்கிப்போக வந்த, கஞ்சியக்காவுடைய வக்கீலின் குமாஸ்தா கடை முக்காலியில் உட்கார்ந்து விஷயத்தை அவிழ்த்தார். அப்போது நானும் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

“உங்க கேஸ் கட்டை எடுத்துப் பாத்தேன் அக்கா. தூசியில எனக்குத் தும்மல் வந்துடுச்சு.”

“அடுத்த வாய்தா எப்போன்னு சொல்லுங்க.”

“வாய்தா ஏது? அவரோட வக்கீல் ஊரைவிட்டே போயிட்டாரு. இவரு வேற வக்கீல் வைக்கலை. சாட்சி யாரு யாருன்னு எழுதிக் குடுக்கச் சொல்லி கோர்ட்டு கேட்டுச்சு, குடுக்கலை. அதோட கேஸ் படுத்துடுச்சு.”

“படுத்தா எழுப்புங்க. அந்த ஆளைக் கூப்பிட்டு விசாரிங்கன்னு நாம ஒரு மனு போடலாம்ல?”

குமாஸ்தா அவசர அவசரமாகத் தேநீரைக் கீழே வைத்தார். “ஐயோ, அந்தத் தப்பை மட்டும் பண்ணிடாதீங்க! நல்லாக் கேளுங்க. கேஸ் போட்டவர் அதை நடத்தணும். மூணு வருஷம் யாரும் ஒரு அடிகூட எடுத்து வைக்கலைன்னா, ‘ஐயா, இது செத்துப்போச்சு’ன்னு நாம போய்ச் சொல்லலாம். கோர்ட்டும் ஆமான்னு எழுதிடும். கேஸோட தடை உத்தரவும் சேந்து போகும். செலவும் அவர் தலையில விழும்.”

“நாம நடுவுல மனு போட்டா?”

“தூங்குறவனைத் தட்டி எழுப்பின கதைதான். அவர் அசைஞ்சாலும் ஒண்ணு, நீங்க அசைஞ்சாலும் ஒண்ணு. மறுபடியும் முதல்லேருந்து மூணு வருஷம். இப்போ பாதி ஓடிடுச்சு. இன்னும் பாதி, வாயைத் திறக்காம இருந்துட்டா முற்றம் உங்களுக்கு.”

கஞ்சியக்கா இஸ்திரியை நிமிர்த்தி வைத்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“அவரே போட்ட கேஸ், அவர் சோம்பேறித்தனத்தாலயே சாகுது. அதானே?”

“அதேதான்.”

“நாங்க ஜெயிச்சா அவர் மேல்கோர்ட்டு, அதுக்கும் மேல ஒரு கோர்ட்டுன்னு போவாரு. இதுல அவரே அவர் மூக்கை அறுத்துக்குறாரு. தூங்கட்டும் குமாஸ்தா. தூக்கத்துலயே போகட்டும். அன்னிக்கு அவரைக் கோர்ட்டுக்கு வர வையுங்க, மூஞ்சியைப் பாக்கணும்.”

“நோட்டீஸ் போகும். வராம எப்படி இருப்பாரு?”

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஊமை ஆட்சி. ‘கேஸ்’ என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. லாட்ஜ் ஆட்கள் யாராவது கடைப்பக்கம் வந்தால் முகத்தைப் பார்க்கக் கூடாது. புருஷன் அண்ணனை வழியில் பார்த்தால் தலையாட்டக்கூட அனுமதியில்லை, ஞாபகம் வந்துவிடுமாம். “மூச்சாவது விடலாமா அம்மா, இல்லை அதுவும் மனுப் போட்ட கணக்கா?” என்று மகள் கேட்டு ஒரு அடி வாங்கினாள்.

கெடு முடிய நாலைந்து மாதம் இருக்கும்போது பெருமழை பிடித்தது. நாலு நாள் விடாமல் கொட்டியது. முற்றத்து மூலையில் கொடி கட்டுகிற இரும்புக் கம்பம் ஒன்று உண்டு, ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு. அடிமண் கரைந்து, அது அப்படியே சாய்ந்து பின்வீட்டுத் தகரக் கூரையில் தலையை வைத்துவிட்டது. தகரம் மடங்கி, இஸ்திரி மேசைக்கு நேர் மேலே ஒழுக ஆரம்பித்தது.

நகராட்சி ஆள் வந்தான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தான். “கோர்ட்டு பூட்டின இடம். நான் உள்ளே போய்க் கை வச்சா என் வேலை போயிடும். கோர்ட்டுல ஒரு அனுமதி வாங்கிட்டு வாங்க, பத்து நிமிஷத்துல அறுத்து எடுத்துடுறேன்” என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை, புருஷன் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவள் வாசலை மறித்து நின்றாள். எதிர்க்கடையில் நான் தைப்பதை நிறுத்திவிட்டேன்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“வக்கீலைப் பாக்க.”

“எதுக்கு?”

“எதுக்குன்னு மேல பாரு. கம்பம் விழுந்தா கூரையோட நாமளும் போயிடுவோம். ஒரு அனுமதி மனு. அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா? அந்த மனு போய் விழுந்த நிமிஷம் கேஸ் எந்திரிச்சு உக்காந்துக்கும். குமாஸ்தா சொன்னது மறந்துபோச்சா?”

“மறக்கலை. எந்திரிக்கட்டும். இன்னும் மூணு வருஷம் ஆகட்டும். உயிரோட இருந்தா பாத்துக்கலாம்.” சொல்லும்போதே இருமல் வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தார். “இந்தா, எனக்கு உன்னை மாதிரி ஜெயிக்கணும் தோக்கணும்கிறதெல்லாம் இல்லை. எனக்கு வெயில் வேணும். ஒரு விரிப்பை வெயில்ல உதறிப் போட்டு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?”

“எனக்கு மட்டும் வேணாமா?”

“உனக்கு எங்க அண்ணன் மூஞ்சிதான் வேணும்.”

சும்மா சொல்லக்கூடாது, சாதுவான மனிதர் சரியான இடத்தில்தான் கையை வைத்தார். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அசையவில்லை.

“ஆமா, வேணும். பிணத்தோட கையைப் பிடிச்சவன்னு உங்களை எழுதினாங்களா? என்னை எழுதினாங்க. உங்கப்பாவுக்கு நான் பண்ணினதை எங்கப்பாவுக்குக்கூடப் பண்ணினதில்லை. நீங்க அவர் தம்பி, நாளைக்கே சேந்துப்பீங்க. நான் சேர மாட்டேன். போறதுன்னா என்னை மிதிச்சுட்டுப் போங்க.”

அவர் மிதிக்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

கம்பத்துக்கு அவள் ஒரு வழி பண்ணினாள். இஸ்திரி மேசையைக் கூரைக்குக் கீழே நகர்த்தி, அதன்மேல் இரண்டு மரப் பெட்டி, பெட்டிக்கு மேல் லாரிக்காரனிடம் இரவல் வாங்கிய ஜாக்கி, ஜாக்கிக்கு மேல் ஒரு கட்டை. நான்தான் ஜாக்கியைத் திருகினேன். கூரை ஒரு அங்குலம் மேலே போனதும் வீடே முனகியது. அதன்பின் தரையில் பலகை போட்டு, மண்டி போட்டுத்தான் இஸ்திரி போட்டாள். ஒழுகுகிற தண்ணீருக்கு நாலு வாளி. வாளி நிரம்ப நிரம்ப மகள் கொட்டிக்கொண்டேயிருந்தாள்.

புருஷனுக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்தார்கள். காற்றும் வெயிலும் படுகிற அறையில் வையுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வெயில் படுகிற அறை இருந்தால் அவர் ஏன் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்? கஞ்சியக்கா அவருக்குச் சூப்பு வைத்து, ஊதி ஊதி ஊட்டினாள். பிறகு என் கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

“டெய்லர், எனக்கு அழுகையா வருது. அந்த மனுஷன் ஒரு வார்த்தை என்னைத் திட்ட மாட்டேங்குறாரு. திட்டினாலாவது நல்லாயிருக்கும்.”

“அப்போ மனுவைப் போட்டுடுங்களேன் அக்கா.”

சடாரென்று கையை எடுத்தாள். “போட மாட்டேன். இவ்வளவு பட்டாச்சு. பட்டதுக்கெல்லாம் சேத்து அந்த ஆளுக்குக் குடுக்கணும்.”

மழை விட்டது. கம்பம் விழவில்லை. கெடுவும் முடிந்தது. குமாஸ்தா ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வக்கீலை வைத்து மனுவைப் போட்டார், லாட்ஜுக்கு நோட்டீஸ் போனது, விசாரணைக்குத் தேதியும் வந்தது.

அந்தக் காலையில் அவள் வந்து, “கடையைச் சாத்து டெய்லர், கோர்ட்டுக்கு வா” என்றாள். “நான் எதுக்கு அக்கா?” என்றேன். “அவர் மூஞ்சி செத்துப்போறதை என்னைத் தவிர ஒரு ஆளாவது பாக்கணும்” என்றாள். நானும் ஆசையாகத்தான் போனேன், எனக்கென்ன நல்ல மனசா? அவள் உடுத்தியிருந்த துணியில் போட்டிருந்த கஞ்சிக்கு, நடக்கும்போது சரசரவென்று சத்தம் வந்தது. புருஷனும் மகளும் வரவில்லை. உத்தரவு கைக்கு வந்த உடனே முற்றத்தைச் சுத்தம் பண்ண வேண்டுமென்று விளக்குமாறோடு காத்திருந்தார்கள்.

கோர்ட்டில் உட்கார இடமில்லை. சுவரோரம் நின்றோம். கதவு திறக்கும்போதெல்லாம் அவள் கழுத்து திரும்பியது. யார் யாரோ வந்தார்கள். எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். வாதி பெயரைச் சேவகன் வாசலில் நின்று மூன்று முறை கத்தினான். யாரும் இல்லை.

“நோட்டீஸ் சேர்ந்ததா?” என்று நீதிபதி கேட்டார்.

“லாட்ஜில் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள்” என்றார் எங்கள் வக்கீல்.

நீதிபதி நிமிரக்கூட இல்லை. மூன்றாண்டுகளாக நடவடிக்கை எதுவும் எடுக்கப்படாததால் வழக்கு காலாவதி ஆகிவிட்டது, தடை உத்தரவும் நீங்கியது, செலவு வாதியைச் சேர்ந்தது என்று சொல்லிக்கொண்டே எழுதினார். அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்குத் தும்மல் வந்து, தும்மி முடிப்பதற்குள் எட்டு வருடம் முடிந்துவிட்டது.

வெளியே வந்ததும் குமாஸ்தா இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு சிரித்தார். “ஜெயிச்சுட்டோம் அக்கா! நான் நகலை வாங்கிட்டு நேரா வீட்டுக்கு வந்துடுறேன்.”

“அவர் வரலையே” என்றாள்.

“வராததாலதானே ஜெயிச்சோம்?”

அவள் படியிறங்கி லாட்ஜ் இருக்கும் திசையில் நடந்தாள். ஓட்டமும் நடையுமாக நான் பின்னால் போனேன்.

லாட்ஜ்காரர் கல்லாவில் உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. நான் சத்தியமாகச் சொல்கிறேன், மலர்ந்தது.

“அடடே, வாம்மா வா! இந்தப் பக்கமே வர்றதில்லையே. டேய் ஊசி, நீயுமா? உக்காருங்க. டீ சொல்லவா?”

“கோர்ட்டுலேருந்து வரேன் மாமா.”

“கோர்ட்டா? என்னம்மா, யாருக்கு என்ன?”

“முற்றத்துக் கேஸ். இன்னிக்குத் தள்ளுபடி ஆயிடுச்சு. நீங்க நடத்தாததால செத்துப்போச்சு.”

அவர் ரொட்டியைக் கையில் பிடித்தபடி நெற்றியைச் சுருக்கினார். யோசித்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார்.

“அட, அது இன்னும் உயிரோடயா இருந்துச்சு? நான் அது எப்பவோ முடிஞ்சுபோச்சுன்னுல்ல நினைச்சேன்! ஏதோ ஒரு கவர் வந்துச்சுன்னு பையன் சொன்னான். எனக்கு வர்ற கவர் கொஞ்சமா? தண்ணி வரிக் கேஸ் ஒண்ணு, வாடகைக்காரன் கேஸ் ரெண்டு, லாரிக்காரன் ஒருத்தன்... எதுன்னு ஞாபகம் வச்சுக்கிறது? போகட்டும் விடு. நீங்க தாராளமாத் துணி போட்டுக்கோங்க, யாரு வேணாம்னா?”

கஞ்சியக்கா எதிரே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். “எட்டு வருஷமா நாங்க முற்றத்துல கால் வைக்கலை.”

“ஏன்? உங்களுக்குத்தான் மிஷினெல்லாம் வந்துடுச்சே, வெயில் எதுக்குன்னு விட்டுட்டீங்கன்னு நினைச்சேன். லாட்ஜ் விரிப்பைக்கூட வேணாம்னுட்டீங்க. வேலை அதிகம் போல, நல்லா இருக்கட்டும்னு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?”

“மாமா, நீங்க அந்த வழக்குல என்ன எழுதினீங்க?”

“நான் எங்கம்மா எழுதினேன்? வக்கீல் எழுதுவாரு. அவர் காட்டுற இடத்துல நான் கையெழுத்துப் போடுவேன்.”

“அப்பா செத்தப்புறம் நான் அவர் கையைப் பிடிச்சு ரேகை வச்சேன்னு எழுதியிருந்துச்சு.”

“நீயா?” அவர் உண்மையாகவே திடுக்கிட்டார். “சேச்சே! அப்படியா எழுதிட்டான்? அப்பாவை அப்படிப் பாத்துக்கிட்டவ நீ. அந்த வக்கீல் சரியான திருட்டுப்பய, அதான் ஊரைவிட்டே ஓடிட்டான். படிச்சிருந்தா விட்டிருப்பேனா? இதையெல்லாம் மனசுல வச்சுக்காதே தாயி.” மிச்ச ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டார். “ஒருவகையில நல்லதாப் போச்சு. முன்வீட்டுல லாட்ஜ் மெத்தையெல்லாம் அடுக்கி வச்சிருக்கேன். முற்றம் பூட்டியே கிடக்குன்னு ஆளுங்க தெருவைச் சுத்திச் சுத்தித் தூக்கிட்டு வர்றானுங்க, எதுக்குப் பூட்டுன்னு நானும் கேக்கலை. இனிமே முற்றத்துக் கதவைத் திறந்துவிட்டா, குறுக்கே வந்துடலாம் பாரு.”

அவள் எழுந்தாள். தேநீர் வந்துகொண்டிருந்தது, அவள் நிற்கவில்லை. தெருவில் நடக்கும்போது என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

“நான் முதுகைக் காட்டினதெல்லாம் அவருக்குத் தெரியவே இல்லையா டெய்லர்?”

அந்த ஆள் திட்டியிருந்தால்கூட இவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. எனக்கே அந்தக் கல்லாவைத் தூக்கிக் கவிழ்க்கலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது குமாஸ்தா எங்களை முந்திக்கொண்டு வந்துவிட்டிருந்தார். நகலைக் காட்டிப் பூட்டை உடைத்தாகிவிட்டது. மகள் களையை வெட்டிக் குவித்திருந்தாள். புருஷன் வேலிக்கும் மரத்துக்கும் புதுக்கயிறு இழுத்துக் கட்டி, ஆறேழு விரிப்புகளை உதறிப் போட்டிருந்தார். வெயில் முழுக்க அவர்மேல் விழுந்துகொண்டிருந்தது. சட்டையைக் கழற்றிப்போட்டு வெறும் முதுகோடு நின்றார். “வந்துட்டியா? இந்தா, இந்த முனையைப் பிடி” என்று ஒரு விரிப்பை நீட்டினார். எட்டு வருடத்தில் அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவள் முனையைப் பிடித்தாள். உதறவில்லை.

“குமாஸ்தா, அவர் என்னைப் பத்தி எழுதினாரே, அது என்ன ஆச்சு?”

“எது அக்கா? ஓ, அதுவா. அது போச்சு. கேஸே இல்லைன்னு ஆயிடுச்சே, அதுல எழுதினது மட்டும் எங்க இருக்கும்?”

“பொய்னு யாரும் சொல்லலை.”

“சொல்ல மாட்டாங்க. நிஜம்னும் சொல்ல மாட்டாங்க. விசாரிக்கவே இல்லையே.”

“அவர் மறுபடியும் கேஸ் போடலாமா?”

“சட்டப்படி போடலாம். இந்தக் கேஸ்தான் செத்துச்சு, அவரோட உரிமை சாகலை. ஆனா ஏன் போடப்போறாரு? அவருக்குத்தான் அக்கறையே இல்லையே. நிம்மதியா இருங்க.”

“போட்டா, கூண்டுல ஏறணும்ல? நம்ம வக்கீல் கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லணும்ல?”

“அவரா நடத்தினா ஏறித்தான் ஆகணும். ஏன் கேக்குறீங்க?”

அவள் விரிப்பைப் புருஷன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, முன்வீட்டின் பின்கதவுவரை நடந்தாள். பலகைமேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். உள்ளே மெத்தைகள் அடுக்கியிருக்கிற கதவு, லாட்ஜ்காரர் திறந்துவிடப் போவதாகச் சொன்ன கதவு.

“டெய்லர், போய்க் கொத்தனாரைக் கூட்டிட்டு வா. செங்கலும் சொல்லிடு. இந்தக் கதவை அடைச்சு, இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் வரைக்கும் சுவர் எழுப்பணும். இன்னிக்கே.”

புருஷனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் விரிப்பு கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது.

“வேணாம்மா. அண்ணனுக்குக் கேஸ் போடுறது தண்ணி பட்ட பாடு. வழியை அடைச்சா நாளைக்கே கோர்ட்டுக்குப் போயிடுவாரு. மறுபடியும் முற்றத்தைப் பூட்டிடுவாங்க.”

“பூட்டட்டும்.”

“என்னைப் பாரு. நான் இன்னொரு மழையைத் தாங்க மாட்டேன்.”

அவள் அவரைப் பார்த்தாள். நன்றாகத்தான் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது, அதை நான் மறுக்கவில்லை. மண்ணில் கிடந்த விரிப்பை எடுத்து, இரண்டு தட்டுத் தட்டி, மறுபடியும் துவைக்க வேண்டிய துணிக் குவியலில் போட்டாள்.

“போகட்டும் கோர்ட்டுக்கு” என்றாள். “இந்தத் தடவை படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவாரு.”